சோயெருக்கு ஒரு நாள் போதுமா?

கேள்வியைச் சுருக்கமாக முதலில் வைத்துவிடுகிறேன். ஜூன் முதல் வாரம் ஸ்பெயினின் மயோர்க்கா தீவுக்குப் போகிறீர்கள். கூடவே அறுபதைத் தாண்டிய அப்பா, அம்மா. எல்லோரும் சைவம். பால்மா நகரில் ஏழு இரவுக்கு அறை பார்த்திருக்கிறீர்கள், இன்னும் பணம் கட்டவில்லை. மலைகளுக்கு நடுவே இருக்கும் சோயெர் என்ற ஊருக்குப் பழைய மர ரயிலில் ஒரு நாள் போய்விட்டு வரலாமா, அந்த டிக்கெட் கொடுக்கிற காசுக்குத் தகுமா, இல்லை கார் எடுத்துக்கொள்வது நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டாயம் போங்கள். ஆனால் ஒரே நாளில் போய்த் திரும்பாதீர்கள். பால்மாவில் ஏழு இரவை ஐந்தாகக் குறைத்து, இரண்டு இரவைச் சோயெரில் வையுங்கள். ரயிலில் போங்கள், பஸ்ஸில் திரும்புங்கள். கார் வேண்டாம். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் காரணம் தெரிந்தால் அந்த ஊரில் எதைப் பார்க்க வேண்டும் என்பதும் தானாகப் புரிந்துவிடும்.

தங்கச் சொல்வதற்கு முதல் காரணம் ஊரின் கடிகாரம். பால்மாவிலிருந்து முதல் ரயில் காலை பத்து மணியை ஒட்டிக் கிளம்பும், பதினொன்றுக்கு வந்து சேரும். அதன் பின்னாலேயே சுற்றுலா பஸ்கள். பதினொன்று முதல் நான்கு வரை ஊரின் நடுச் சதுக்கத்தில் உட்கார இடம் கிடைக்காது. ஒரு நாள் பயணமாக வருகிற எல்லோரும் பார்ப்பது அந்த ஐந்து மணி நேரத்தைத்தான்: நெரிசல், வெயில், விலை கூடிய சாப்பாடு, திரும்புகிற ரயிலுக்கு வரிசை. ஐந்து மணிக்கு மேல் கூட்டம் வடிந்துவிடும். தேவாலயத்தின் முன்னால் பிள்ளைகள் பந்து உதைப்பார்கள், வயதானவர்கள் பெஞ்சுகளுக்குத் திரும்புவார்கள், மலை முகட்டில் வெளிச்சம் மஞ்சளாகிச் சிவப்பாகும். காலை எட்டு மணியும் அப்படித்தான். உங்கள் அப்பா அம்மாவுக்கு நிம்மதியாக நடக்கக் கிடைப்பது இந்த இரண்டு வேளைதான்.

இரண்டாவது காரணம், இந்த ஊரைப் புரிந்துகொள்ள மலையைக் கொஞ்சம் நடந்து பார்க்க வேண்டும். மயோர்க்காவின் வடமேற்குக் கரை முழுக்க ஒரு மலைத்தொடர் மதில் மாதிரி நிற்கிறது. பெயர் திரமுந்தானா. அந்த மதிலுக்கும் கடலுக்கும் நடுவில் கிண்ணமாக அமைந்த பள்ளத்தாக்குதான் சோயெர். தீவின் மிக உயரமான சிகரமான புய்க் மஜோர் (1,400 மீட்டருக்கு மேல்) ஊருக்கு நேர் மேலே தெரியும். உச்சியில் ராணுவ ராடார் இருப்பதால் அங்கே யாரும் ஏற முடியாது. தீவின் தலைநகரான பால்மா மலைக்கு அந்தப் பக்கம். தூரம் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் நூற்றாண்டுகளாகச் சோயெர்க்காரர்களுக்குப் பால்மா எட்டாத ஊர். கழுதையிலோ வண்டியிலோ கணவாய் ஏறி இறங்க ஒரு நாள் போய்விடும். இந்தப் பக்கமோ வாசலிலேயே துறைமுகம். அதனால் ஊர் தீவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடல் பக்கம் திரும்பிவிட்டது. பால்மாவைவிட பிரான்ஸின் மார்சேய், செத் போன்ற துறைமுகங்கள்தான் அவர்களுக்குப் பழக்கப்பட்ட இடங்கள்.

அங்கே கொண்டுபோய் விற்க அவர்களிடம் இருந்தது ஆரஞ்சு. மலை மதில் மழை மேகத்தைத் தடுத்து நிறுத்துகிறது. பால்மாவில் ஆண்டுக்கு 450 மில்லிமீட்டர் அளவில்தான் மழை, மலையின் உயரமான பகுதிகளிலோ 1,000 மில்லிமீட்டருக்கும் மேல். அந்தத் தண்ணீர் ஊற்றுகளாக இறங்கி வருகிறது. தீவை அரபு முஸ்லிம்கள் ஆண்ட காலத்தில் (10-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1229-ல் அரகோன் மன்னர் முதலாம் ஜாவ்மே கைப்பற்றும் வரை) ஊற்று நீரைக் கல் வாய்க்கால்களில் திருப்பி, தொட்டிகளில் தேக்கி, முறை வைத்துப் பாய்ச்சும் ஏற்பாடு வேரூன்றியது. சரிவை அடுக்கடுக்காக வெட்டி, ஒவ்வொரு அடுக்குக்கும் கல் சுவர் எழுப்பினார்கள். மேல் அடுக்குகளில் ஒலிவ மரம், கீழே தண்ணீர் வசதியுள்ள சமதளத்தில் ஆரஞ்சும் எலுமிச்சையும். 19-ஆம் நூற்றாண்டில் இந்தப் பழங்கள் கப்பல் கப்பலாகப் பிரான்ஸுக்குப் போயின.

1860-களில் ஆரஞ்சு மரங்களுக்கு நோய் வந்தது. தோப்புகள் பட்டுப்போயின. வருமானம் போனதும் ஊரில் பாதிக் குடும்பங்களிலிருந்து யாராவது ஒருவர் கப்பல் ஏறினார்கள். சிலர் கியூபாவுக்கும் போர்ட்டோ ரிக்கோவுக்கும் போனார்கள். பெரும்பாலோர் ஏற்கெனவே வழி தெரிந்த பிரான்ஸுக்கு. பழம் விற்கத்தான் தெரியும் என்பதால் பிரெஞ்சு நகரங்களில் பழக்கடை போட்டார்கள், பிறகு மொத்த வியாபாரம். ஒரு தலைமுறை கழித்துக் கையில் காசோடு திரும்பி வந்து வீடு கட்டினார்கள். அப்போது பிரான்ஸில் எது புதுப் பாணியோ அதே பாணியில்: வளைந்த ஜன்னல், கொடி கொடியாக ஓடும் இரும்புக் கிராதி, பூ வேலை செய்த தரை ஓடு. மலைக்கு நடுவே ஒரு சின்ன விவசாய ஊரில் இப்படிப்பட்ட மாளிகைகள் எப்படி வந்தன என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் வியப்பார்கள். பதில் இதுதான்: பட்டுப்போன ஆரஞ்சும், பிரெஞ்சுக் கடைத்தெருவும்.

அதைக் கண்ணால் பார்க்க இரண்டு இடம் போதும். ஒன்று, லூனா தெருவில் இருக்கும் கான் பிருனேரா. அப்படிப் பிரான்ஸில் சம்பாதித்துத் திரும்பிய குடும்பம் 1909 முதல் 1911 வரை கட்டிய வீடு, 2009-ல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். மாடியில் நவீன ஓவியங்கள் மாட்டியிருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது வீடுதான், சுருண்டு ஏறும் படிக்கட்டும் ஒவ்வொரு அறைக்கும் மாறுகிற தரை ஓடும். அவசரப்படாமல் ஒரு மணி நேரம் வையுங்கள்.

இன்னொன்று சதுக்கத்திலேயே இருக்கிறது, கட்டணம் கிடையாது. தேவாலயத்தையும் அதை ஒட்டிய வங்கியையும் சேர்த்துப் பாருங்கள். புனித பர்த்தொலொமேயு தேவாலயத்தின் உடல் 17, 18-ஆம் நூற்றாண்டு வேலை. ஆனால் முகப்பு 1904-ல் தொடங்கியது. வடிவமைத்தவர் ஜோவான் ரூபியோ, பார்சிலோனாவின் கட்டடக் கலைஞர் கௌடியிடம் தொழில் பழகியவர். அதே காலத்தில் கௌடி பால்மா பேராலயத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். பக்கத்து வங்கியும் ரூபியோவின் கைதான். சோயெர் வங்கி 1889-லேயே தொடங்கிவிட்டது. வெளிநாட்டிலிருந்து வந்த பணம் எவ்வளவு இருந்திருந்தால் இத்தனை சிறிய ஊருக்குச் சொந்த வங்கி வந்திருக்கும்! அதன் ஜன்னல் கிராதிகளுக்குக் கிட்டே போய் நில்லுங்கள். இரும்புக் கம்பிகளைக் காய்ச்சி அடித்து, சுருட்டி, ஒன்றின் மேல் ஒன்றாகப் படரவிட்டிருக்கிறார்கள். மேலே கல் சுவரோ செதுக்காத பாறை போலக் கரடுமுரடாக இருக்கும். சதுக்கத்தில் காபி குடிக்கிறவர்களில் பாதிப் பேர் இதற்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, ரயிலுக்கு வருகிறேன். அதுவும் இதே பணத்தின் கதைதான். மலையைக் குடைந்து பால்மாவோடு சேர வேண்டும் என்று சோயெர்க்காரர்களே பங்கு போட்டுக் கம்பெனி தொடங்கினார்கள். முன்னின்று நடத்தியவர் ஜெரோனி எஸ்தாதெஸ். 1912 ஏப்ரல் 16 அன்று ரயில் ஓடத் தொடங்கியது. 27 கிலோமீட்டர் பாதை, தண்டவாள அகலம் 914 மில்லிமீட்டர், பதின்மூன்று சுரங்கங்கள். மிக நீளமானது அல்ஃபாபியா மலைக்கு அடியில் 2,876 மீட்டர். முதலில் நீராவி எஞ்சின். நீளமான சுரங்கத்தில் பயணிகள் புகையில் திணறியதால் 1929-ல் மின்சாரத்துக்கு மாறினார்கள். அன்றைய மின் வண்டிகளும் மரப் பெட்டிகளும்தான் இன்றும் ஓடுகின்றன.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. முப்பது கிலோமீட்டர் நீளம் இருந்தால்தான் அன்று அரசு மானியம் கிடைக்கும். பாதை அதற்கு மூன்று கிலோமீட்டர் குறைவு. சோயெர்க்காரர்கள் அசரவில்லை. ஊரிலிருந்து துறைமுகம் வரை ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு டிராம் பாதையைச் சேர்த்து நீளத்தைக் கூட்டிவிட்டார்கள். 1913 அக்டோபரில் அது ஓடத் தொடங்கியது. மயோர்க்காவின் முதல் மின்சார டிராம் இப்படித்தான் தலைநகருக்கு வராமல் ஒரு மலை ஊருக்கு வந்தது.

ரயில் டிக்கெட் தகுமா? பஸ் கட்டணத்தைப் போலப் பல மடங்கு அது, வெறும் போக்குவரத்தாகப் பார்த்தால் தகாது. ஆனால் ஒரு தடவை ஒரு வழிக்கு நிச்சயம் தகும். பால்மாவின் பிளாசா தெஸ்பாஞாவை ஒட்டிய சின்ன நிலையத்தில் ஏறினால், முதலில் நகரத் தெருக்களுக்கு நடுவே, பிறகு பாதாம் தோப்புகளும் ஒலிவத் தோப்புகளுமாகச் சமவெளியில் போகும். புன்யோலா தாண்டியதும் மலை நேரே எதிரில் வந்து வழியை அடைக்கும். பெரிய சுரங்கத்தில் சில நிமிடம் கும்மிருட்டு, கட்டைப் பெட்டிகள் குலுங்குகிற சத்தம், முகத்தில் குளிர்ந்த ஈரக் காற்று. வெளியே வந்ததும் பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில் விரிந்து கிடக்கும். வண்டி நேராக இறங்க முடியாது, சுமார் இருநூறு மீட்டர் இறக்கத்தை வளைந்து வளைந்து இறங்குகிறது. அதனால் ஊர் ஒரு தடவை இடப்பக்கம் தெரியும், அடுத்த வளைவில் வலப்பக்கம் தெரியும். ஐந்து வளைவுப் பாலம் ஒன்றைக் கடப்பீர்கள். பக்கத்துக்காக யாரோடும் சண்டை போட வேண்டாம்.

போகும் வழியாக ரயிலை வைக்கச் சொன்னது இந்தச் சுரங்க வாசலுக்காகத்தான். திரும்பும்போது பள்ளத்தாக்கு முதலில் வந்துவிடும், சமவெளி கடைசியில், அந்தத் திருப்பமே இருக்காது. அப்புறம் இன்னொன்று: காலை ரயிலைவிடப் பால்மாவிலிருந்து பிற்பகல் கிளம்பும் ரயிலில் ஏறுங்கள். அந்நேரம் எல்லோரும் எதிர்த் திசையில் திரும்பிக்கொண்டிருப்பார்கள், உட்கார ஜன்னலோர இடம் எளிதில் கிடைக்கும். நீங்கள் சோயெரில் இறங்கும்போது ஊரும் அமைதியாகத் தொடங்கியிருக்கும். பெரிய பெட்டிகளைப் பால்மா ஓட்டலில் ஒப்படைத்துவிட்டு, இரண்டு நாள் துணிக்கு மட்டும் சின்னப் பையோடு வாருங்கள். குளிர்காலத்தில் சில வாரம் பராமரிப்புக்காக ரயிலை நிறுத்துவார்கள், ஜூனில் அந்தக் கவலை இல்லை.

இறங்கியதும் ஓடிவிடாதீர்கள். சோயெர் நிலையமே 17-ஆம் நூற்றாண்டுப் பெரிய வீடு ஒன்றை மாற்றி அமைத்தது. அதன் கீழ்த்தளத்து அறைகளில் ஓவியர் பிக்காசோவின் மண்பாண்டங்களும் இன்னொரு ஓவியரான மீரோவின் படைப்புகளும் இருக்கின்றன. மீரோவுக்கு இங்கே உறவு உண்டு, அம்மா வழித் தாத்தா சோயெர்க்காரர், மரவேலை செய்தவர்.

மறுநாள் காலை நடைக்கு. எட்டு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள், ஜூனில் பத்தரைக்கு மேல் வெயில் தலையில் இறங்கும். ஊரின் கிழக்கு முனையிலிருந்து பினியராஷ் என்ற குக்கிராமத்துக்கு அரை மணி நேர நடை, தார்ச் சாலைதான், ஏற்றம் அதிகமில்லை. இருபுறமும் ஆரஞ்சுத் தோப்பு. ஜூனிலும் தாமதமாகப் பழுக்கும் வகைகள் மரத்தில் இருக்கும். சுவருக்கு வெளியே நீளும் கிளையாக இருந்தாலும் பறிக்காதீர்கள், அது யாரோ ஒருவருடைய ஆண்டு வருமானம். பினியராஷில் ஒரு தேவாலயம், ஒரு சின்னச் சதுக்கம், பழைய துணி துவைக்கும் தொட்டி ஒன்று. அம்மா அப்பாவுக்குக் கால் வலித்தால் இங்கேயே உட்கார்ந்துவிடலாம்.

முடிந்தவர்கள் அந்தத் தொட்டியைத் தாண்டி மலை இடுக்குக்குள் ஏறும் கல் பாதையில் கால் மணி நேரமாவது போய் வர வேண்டும். இதற்காகத்தான் இரண்டு இரவு தங்கச் சொன்னேன். பினியராஷ் இடுக்கு என்று பெயர். லுக் மடத்துக்கு யாத்திரை போகிறவர்களும் மேலே ஒலிவத் தோப்புக்குப் போகிறவர்களும் ஏறிய வழி. அடிமுதல் முடிவரை கல் பாவிய படிகள், இரு பக்கமும் நூற்றுக்கணக்கான அடுக்கு நிலங்கள், ஒவ்வொன்றையும் தாங்கும் சுவர்கள். ஒரு சுவருக்குக் கிட்டே போய்க் கையை வைத்துப் பாருங்கள். சுண்ணாம்பு இல்லை, சிமென்ட் இல்லை, மண் பூச்சுகூட இல்லை. ஒரு கல்லின் மேடு அடுத்த கல்லின் பள்ளத்தில் உட்காரும்படி பொறுக்கி, தட்டி, அடுக்கியிருக்கிறார்கள். சுவர் சற்றே மலைப் பக்கம் சாய்ந்திருக்கும். பின்னால் சிறு கற்கள் நிரப்பியிருப்பதால் மழை நீர் சுவரைத் தள்ளாமல் இடுக்குகள் வழியே கசிந்து கீழ் அடுக்குக்குப் போய்விடும். பாதையின் குறுக்கே அங்கங்கே நிமிர்த்தி வைத்த கல் வரிசைகள் இருக்கும், வெள்ளம் படிகளை அரிக்காமல் ஓரத்துக்குத் திருப்பிவிட. இதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்த கல் கொத்தர்கள் உண்டு, மர்ஜெர் என்று அழைப்பார்கள். இளைஞர்களுக்கு அந்தத் தொழிலை முறையாகக் கற்றுக்கொடுக்கும் பயிற்சிகள் தீவில் நடந்திருக்கின்றன. யுனெஸ்கோ 2011-ல் திரமுந்தானா மலைத்தொடரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இயற்கை அழகுக்காகக் கொடுத்த அறிவிப்பு அல்ல அது, மனிதர் உழைத்து உருவாக்கிய நிலம் என்பதற்காக. சாந்தில்லாத கல் சுவர்க் கலையையும் 2018-ல் தனியாகப் பட்டியலில் சேர்த்தார்கள், ஸ்பெயினோடு வேறு பல ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்து.

நீங்கள் மட்டும் தனியாகவோ நண்பர்களோடோ போவதாக இருந்தால் இந்த இடுக்கை முழுவதும் நடக்கச் சொல்வேன், மேலிருந்து கீழாக. கோடைக் காலத்தில் லுக் மடம் வழியாகப் போயென்சா போகும் பஸ் கூபெர் அணையில் நிற்கும். அங்கிருந்து ஒஃப்ரே கணவாய் ஏறி, இடுக்கு வழியே சோயெருக்கு இறங்க நான்கைந்து மணி நேரம். ஆனால் கல் படிகளில் இறக்கம் முழங்காலைப் பதம் பார்க்கும். பெரியவர்களை அழைத்துப்போகாதீர்கள்.

பினியராஷிலிருந்து ஃபோர்னலுச் இன்னும் முக்கால் மணி நேரம். கொஞ்சம் ஏற்றம். கல் வீடுகள், பச்சை ஜன்னல் கதவுகள், படிகளாகவே அமைந்த தெருக்கள். அங்கே பழைய வீடுகளின் கூரை விளிம்பை அண்ணாந்து பாருங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓடுகளின் அடிப்பக்கத்தில் வெள்ளைப் பூச்சின் மேல் காவிச் சிவப்பால் ஓவியம் தீட்டியிருப்பார்கள்: பூ, பறவை, சிலுவை, சில இடத்தில் மனித முகம். மங்கிப்போய்விட்டன, சட்டென்று கண்ணில் படாது. நடந்தே திரும்ப முடியாவிட்டால் டாக்ஸி கூப்பிட்டுக்கொள்ளலாம், பத்து நிமிடத்தில் சோயெர்.

துறைமுகத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கில்லை. டிராமில் போய், குதிரை லாடம் போல வளைந்த விரிகுடாவைப் பார்த்து, கால் நனைத்து வரலாம். டிராம் சதுக்கத்தில் சாப்பாட்டு மேசைகளை உரசிக்கொண்டு கிளம்பி, வீடுகளின் கொல்லைப்புறத் தோப்புகளுக்கு நடுவே போவது அழகு. திறந்த பெட்டியில் உட்காருங்கள். கரையோர ஓட்டல்கள் எங்கும் இருப்பவை போலத்தான். மாலையில் போனால் விரிகுடா வாய்க்கு அப்பால் சூரியன் இறங்குவது தெரியும். படகில் சா கலோப்ரா போய் வரலாம், செங்குத்தான பாறைகளுக்கு நடுவே ஓர் ஓடை கடலில் கலக்கும் இடம். கடல் அலையாடினால் படகு போகாது, அம்மா அப்பாவுக்குப் படகு குமட்டும் என்றால் விட்டுவிடுங்கள்.

சாப்பாடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சைவம் என்றதால் சொல்லியே ஆக வேண்டும். மயோர்க்காவில் எல்லோரும் சாப்பிடச் சொல்கிற இனிப்பு ஒன்று உண்டு: சுருள் வடிவில், மேலே சர்க்கரைத் தூள் தூவிய என்சைமாதா. பார்க்க ஒன்றும் தெரியாது. ஆனால் மாவைப் பிரித்துப் பிரித்து மெல்லிய அடுக்காக்குவது பன்றிக் கொழுப்பால்தான். மரபான செய்முறையில் வேறு கொழுப்பு கிடையாது. பேக்கரியில் விற்கும் காய்கறி வைத்த கோகா என்ற தட்டை ரொட்டியின் மாவிலும் பல கடைகளில் அதே கொழுப்பு சேரும், கேட்டுவிட்டு வாங்குங்கள். சிவப்பாக ரொட்டியில் தடவித் தரும் சொப்ரசாதா பன்றி இறைச்சி. ‘இறைச்சி இல்லாமல்’ என்று சொன்னால் பதப்படுத்திய பன்றித் தொடையைச் சீவிப் போட்டுக் கொண்டுவருகிற கடைகள் ஸ்பெயினில் நிறைய உண்டு, அதை அவர்கள் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. ‘சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காடோ’ என்று மூன்றையும் சொல்லிவிடுங்கள்: இறைச்சி, பன்றித் தொடை, மீன் எதுவும் வேண்டாம் என்று அர்த்தம்.

பட்டினி கிடக்க வேண்டியதில்லை. தும்பெத் என்று கேளுங்கள்: உருளைக்கிழங்கு, கத்திரிக்காய், குடைமிளகாய் மூன்றையும் தனித்தனியாக ஒலிவ எண்ணெயில் வதக்கி, அடுக்கி, மேலே தக்காளிச் சாறு ஊற்றியது. மீன் வைத்தும் கொடுப்பார்கள், வேண்டாம் என்று சொன்னால் போதும். தக்காளி, பச்சைக் குடைமிளகாய், வெங்காயம் நறுக்கி எண்ணெய் விட்டுக் கலந்தது திராம்போ. எல்லாவற்றையும்விட, பா அம்போலி: உப்பில்லாத பழுப்பு ரொட்டியில் தக்காளியைத் தேய்த்து, உப்புத் தூவி, ஒலிவ எண்ணெய் ஊற்றித் தருவது. பாலாடைக்கட்டியோடு கேளுங்கள். இந்த எண்ணெய் இதே மலை அடுக்குகளில் விளைந்தது, உள்ளூர்க் கூட்டுறவுச் சங்கத்திலும் கிடைக்கும். ஆரஞ்சுச் சாறு எந்தக் கடையிலும் கண்ணெதிரே பிழிந்து தருவார்கள். சனிக்கிழமை காலையில் சந்தை கூடும். உங்கள் தங்கலில் சனிக்கிழமை விழும்படி பார்த்துக்கொண்டால் பழமும் ரொட்டியும் வாங்கி ஒரு வேளைச் சாப்பாட்டையே முடித்துக்கொள்ளலாம்.

மே மாதத்தில் போக முடியுமா என்று யோசிக்கிறீர்களானால், இரண்டாம் ஞாயிறை ஒட்டிய திங்களன்று ஊரே போர்க்களமாகும். 1561 மே 11 அன்று வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளையர் வந்து இறங்கியதையும், ஊரார் திருப்பி அடித்ததையும் நடித்துக் காட்டும் எஸ் ஃபிரோ திருவிழா. கதவின் தாழ்க்கட்டையாலேயே கொள்ளையரை அடித்து வீழ்த்தியதாகச் சொல்லப்படும் இரண்டு சகோதரிகள்தான் அதன் நாயகிகள். பார்க்க வேண்டிய விழாதான், ஆனால் நாள் முழுவதும் வெடிமருந்துச் சத்தம். அறையும் கிடைக்காது. பெரியவர்களோடு ஜூனே மேல்.

கடைசியாகக் கார். 1997-ல் மலைக்கு அடியில் சாலைச் சுரங்கம் திறந்த பிறகு பால்மாவிலிருந்து அரை மணி நேரம்தான். அந்தச் சுரங்கமும் சாமானியமாக வரவில்லை, அதன் குத்தகையைச் சுற்றி எழுந்த லஞ்ச விவகாரத்தில் மயோர்க்காவும் சேர்ந்த பலியாரிக் தீவுகளின் ஆட்சித் தலைவரே 1995-ல் பதவி விலக நேர்ந்தது. 2017 வரை சுங்கம் வாங்கினார்கள், இப்போது இலவசம். இலவசமானதிலிருந்து கார்கள் குவிகின்றன. ஊரின் தெருக்களோ வண்டி மாடுகளுக்காகப் போட்ட அகலம். நிறுத்த இடம் தேடியே காலைப் பொழுது போய்விடும், சில தெருக்களில் உள்ளூர்க்காரர் தவிர யாரும் நுழையக் கூடாது. 2024-ல் பலியாரிக் தீவுகளுக்கு 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அங்கே குடியிருப்பவர்கள் 12 லட்சம் பேர்தான். வீட்டு வாடகை கட்ட முடியாமல் உள்ளூர்க்காரர்கள் பால்மா தெருக்களில் ஊர்வலம் போனது அதே ஆண்டில். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இன்னொரு காரைக் கொண்டுபோய் அந்தத் தெருக்களில் சேர்க்காமல் இருப்பது, உரிமம் பெற்ற ஓட்டலில் தங்குவது, தெருவில் இரவில் குரலைத் தாழ்த்துவது எல்லாம் விருந்தாளியாக நாம் செய்யக்கூடியவை. ஓட்டலில் ஓர் இரவுக்கு இவ்வளவு என்று சுற்றுலா வரி தனியாக வாங்குவார்கள், அதைச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திரும்ப பஸ்ஸுக்கு இரண்டு வழி உண்டு. 204 எண் பஸ் சுரங்கம் வழியாக நேரே பால்மா போய்விடும். 203 எண் பஸ் கடலோர மலைச் சாலையில் தெயா, வால்தெமோசா ஊர்கள் வழியாகப் போகும், நேரம் இரட்டிப்பு. நான் 203-ஐத்தான் சொல்வேன். வலப்பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் கடல் கூடவே வரும். தெயாவில் கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ் பல ஆண்டு வாழ்ந்து, மலை உச்சி தேவாலயத்தின் கல்லறையில் அடங்கியிருக்கிறார். வால்தெமோசாவில் 1838–39 குளிர்காலத்தை இசையமைப்பாளர் ஷோப்பன் எழுத்தாளர் ஜார்ஜ் சாந்தோடு பழைய துறவி மடத்தில் கழித்தார். கையில் சின்னப் பைதானே, வால்தெமோசாவில் இறங்கி மடத்தைப் பார்த்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம். ஏறும்போது வங்கிக் கார்டைத் தட்டினால் போதும், இறங்கும்போதும் மறக்காமல் தட்டுங்கள், இல்லாவிட்டால் கடைசி நிறுத்தம் வரைக்கும் கட்டணம் பிடித்துவிடும். அப்பாவுக்கு வளைவுச் சாலையில் தலை சுற்றும் என்றால் மட்டும் 204.

அறைக்கு இன்றே பணம் கட்டப் போகிறீர்கள் என்றால், பால்மா ஓட்டலை மூன்று இரவு, சோயெர் இரண்டு, மறுபடி பால்மா இரண்டு என்று பிரித்துப் போடுங்கள். சோயெரில் சதுக்கத்திலிருந்து ஐந்து நிமிட நடைக்குள், லூனா தெருப் பக்கம் தேடினால் நல்லது. லிஃப்ட் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், பழைய வீடுகளை ஓட்டலாக மாற்றிய இடங்களில் பெரும்பாலும் படிதான்.